பர்மாவில் ராணுவம் ஏன் திரும்பத் திரும்ப ஆட்சியைப் பிடிக்கிறது? 1962 முதல் இன்றுவரை

நிலவன்:

பழைய பர்மாவான மியான்மர் பற்றிப் பேச்சு வந்தாலே "சூச்சி தேர்தலில் ஜெயித்தார், ஒரு ஜெனரலுக்குப் பொறுக்கவில்லை, ஆட்சியைப் பிடித்துவிட்டார்" என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறோம். செய்திச் சானல்களும் அப்படித்தான் சொல்கின்றன. எனக்கு இதில் ரொம்ப நாளாக மனத்தாங்கல் உண்டு, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2021 பிப்ரவரி 1 காலையில் நடந்ததைப் பாருங்கள். அன்றுதான் புதிய நாடாளுமன்றம் தலைநகர் நேபிடாவில் கூட வேண்டும், உறுப்பினர்கள் எல்லாரும் அரசு விடுதியில் வந்து தங்கியிருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே தொலைபேசி, இணையம் எல்லாம் துண்டிப்பு. அதிபர் வின் மியின்ட்டிடம் இரண்டு ராணுவ அதிகாரிகள் போய், உடல்நிலை சரியில்லை என்று சொல்லி ராஜினாமா செய்யுங்கள் என்றார்கள். தன் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, செத்தாலும் சம்மதிக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். பின்னால் நீதிமன்றத்தில் அவரே கொடுத்த வாக்குமூலம் இது. சரி, அவரைக் கைது செய்தார்கள். உடனே துணை அதிபர் மியின்ட் ஸ்வே, அவர் ராணுவம் நியமித்தவர், முன்னாள் ஜெனரல், அதிபர் நாற்காலியில் உட்கார்ந்து அவசரநிலைக் கையெழுத்துப் போட்டு, எல்லா அதிகாரத்தையும் தளபதி மின் ஆங் லைங்கிடம் கொடுத்துவிட்டார். அரசியல் சட்டத்தின் 417, 418ஆம் பிரிவுகளின்படி என்று அறிவிப்பும் வந்தது.

அதாவது, ஆட்சியைக் கவிழ்ப்பதற்கான வழி சட்டப் புத்தகத்துக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. எழுதியவர்களும் அவர்களேதான். 2008 அரசியல் சட்டத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டது அந்த வருடம் மே 10ஆம் தேதி. நர்கிஸ் புயல் வந்து ஐராவதி டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது, பிணங்கள் வாய்க்கால்களில் மிதந்துகொண்டிருந்தன. புயல் அடித்த பகுதிகளில் மட்டும் இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். 92 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள். அந்தச் சட்டத்தில் நாடாளுமன்றத்தின் நாலில் ஒரு பங்கு இடம் சீருடைக்காரர்களுக்கு. சட்டத்தைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் வாக்கு வேண்டும். பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்று அமைச்சர்களும் தளபதி சொல்லும் ஆட்கள்.

என் கருத்து இதுதான்: 2011இல் ராணுவம் ஆட்சியை விட்டுப் போனது, 2021இல் திரும்பி வந்தது என்பது சரியான சித்திரம் கிடையாது. 1962க்குப் பிறகு அது போகவே இல்லை. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


மலர்:

நல்ல இழை அண்ணா. ஆனால் ஒரு கேள்வி. வீட்டோ கையில், மூன்று அமைச்சகம் கையில், பட்ஜெட்டில் யாரும் கை வைக்க முடியாது, இவ்வளவும் இருந்தும் எதற்கு மெனக்கெட்டு ஆட்சியைக் கவிழ்க்க வேண்டும்? இருந்ததை வைத்துக்கொண்டே சௌகரியமாக இருந்திருக்கலாமே. மின் ஆங் லைங்குக்கு 2021 ஜூலையில் 65 வயது, ஓய்வுபெற வேண்டியவர். தனி மனித ஆசைதான் காரணம் என்று சொல்பவர்களை அப்படி ஒதுக்கிவிட முடியுமா?


நிலவன்:

ஒதுக்கவில்லை மலர், ஓய்வு வயது நிச்சயமாக ஒரு காரணம். ஆனால் அவர் ஆசைப்பட்டதற்கும் ஒரு கணக்கு இருந்தது, அந்தக் கணக்கைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இரண்டு அவைகளும் சேர்ந்து மொத்தம் 664 இடம். அதில் 166 ராணுவத்துக்கு, தேர்தலே இல்லாமல். அதிபரைத் தேர்ந்தெடுக்கப் பாதிக்கு மேல், 333 வேண்டும். ஆக ராணுவத்தின் கட்சியான யுஎஸ்டிபி வெறும் 167 இடம் ஜெயித்தால் போதும், தளபதி சீருடையைக் கழற்றிவிட்டு அதிபர் ஆகிவிடலாம். எதிர்க்கட்சிக்கோ இதே 333ஐயும் மக்களிடமிருந்தே வாங்க வேண்டும். இப்படிச் சாய்ந்த தராசை வைத்துக்கொண்டும் 2020 நவம்பரில் என்ன வந்தது? தேர்தல் நடந்த 476 இடங்களில் சூச்சியின் கட்சியான என்எல்டிக்கு 396, யுஎஸ்டிபிக்கு 33. அதன்பிறகுதான் வாக்காளர் பட்டியலில் ஒரு கோடிக்கும் மேல் முறைகேடு என்று கிளம்பினார்கள். உள்நாட்டு, வெளிநாட்டுப் பார்வையாளர்கள் யாரும் முடிவையே மாற்றும் அளவுக்கு மோசடி நடந்ததாகச் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2020 மார்ச்சில் என்எல்டி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ராணுவத்தின் 25 சதவீதத்தைத் தேர்தலுக்குத் தேர்தல் 15, 10, 5 என்று குறைப்பது. ராணுவ உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டார்கள் என்ற கோபம் போகவில்லை.

கோ நி என்ற வழக்கறிஞர் பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள் தெரியவில்லை. சூச்சி அதிபர் ஆக முடியாதபடி, பிள்ளைகள் வெளிநாட்டுக் குடிமக்களாக இருந்தால் தகுதியில்லை என்று ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். அதைத் திருத்தாமலேயே "அரசு ஆலோசகர்" என்ற பதவியை உருவாக்கி அவரை ஆட்சியில் உட்கார வைக்கலாம் என்று வழி காட்டியதில் பெரிய பங்கு இவருடையது. புதிய அரசியல் சட்டம் வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசி வந்தார். 2017 ஜனவரி 29, ரங்கூன் விமான நிலைய வாசலில் பேரனைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றவரைத் தலையில் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவனைத் துரத்திய டாக்ஸி ஓட்டுநர் ஒருவரும் சுடப்பட்டு இறந்தார். இதில் தண்டிக்கப்பட்டவர்களில் முன்னாள் ராணுவ அதிகாரியும் உண்டு. ஒரு நாட்டில் அரசியல் சட்ட வழக்கறிஞரைச் சுட்டுக் கொல்கிறார்கள் என்றால் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரிகிறதல்லவா.


பர்மாகாலனி:

என் அம்மா வழித் தாத்தா மௌல்மெயினில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் இந்தப் பேச்சில் நான் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1962 மார்ச் 2 விடியற்காலை ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தபோது ரங்கூனில் பெரும்பாலானவர்களுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். ஏனென்றால் 1958லிருந்து 1960வரை ஏற்கனவே ஒருமுறை "இடைக்கால அரசு" என்று நே வின் ஆட்சி நடத்தியிருந்தார், பிரதமர் ஊ நூவே கூப்பிட்டுக் கொடுத்தது. தெருக்கள் சுத்தமாயின, விலை கட்டுப்பட்டது, ரயில் நேரத்துக்கு வந்தது என்று நல்ல பெயர். இந்த "ரயில் நேரத்துக்கு வந்தது" என்ற வாக்கியத்தை எங்கே கேட்டாலும் எனக்கு வயிறு கலங்கும்.

அப்புறம் என்ன ஆனது? ஜூலை 7ஆம் தேதி ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள்மேல் துப்பாக்கிச்சூடு, அடுத்த நாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். சூச்சியின் அப்பாவும் விடுதலைத் தலைவருமான ஆங் சானும் ஊ நூவும் மாணவர்களாக இருந்து வெள்ளைக்காரனை எதிர்த்த அதே கட்டடம். 1963இல் வங்கிகள் அரசுடைமை. 1964இல் கடைகள். எங்கள் தாத்தா கடைக்கு ஒரு அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும் வந்து, சரக்கைக் கணக்கெடுத்து, பூட்டுப்போட்டு, சாவியை வாங்கிக்கொண்டார்கள். கல்லாவில் இருந்ததும் சரக்குக் கணக்கில்தான் சேர்ந்தது. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது. வங்கியே அவர்கள் கையில், கடை அவர்கள் கையில், வீட்டில் வைத்திருந்த நோட்டும் காகிதம். கப்பலேறுவதைத் தவிர வேறு வழியில்லை. லட்சக்கணக்கான இந்தியர்கள் அப்படி வந்தார்கள். சென்னைக் கடற்கரைச் சாலைப் பர்மா பஜாரும், வியாசர்பாடி, திருச்சி, மதுரைப் பக்கத்துப் பர்மா காலனிகளும் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகளும் வந்த கதை இதுதான்.

செட்டியார்கள் வட்டிக்கு விட்டு நிலத்தை வளைத்தார்கள், அதனால் பர்மாக்காரர்களுக்குக் கோபம் இருந்தது என்பதும் உண்மை. முப்பதுகளின் மந்தத்தில் கீழ்பர்மா நெல்வயல்களில் நாலில் ஒரு பங்கு செட்டியார் கைக்குப் போனது, அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அந்த நில விவகாரம் 1948லேயே நிலச் சட்டம் வந்து பெரும்பாலும் முடிந்த கதை. 1964இல் பிடுங்கப்பட்டது சோப்பும் மிளகாயும் விற்றவன் கடை. பர்மியர்கள், சீனர்கள் கடைகளும் சேர்ந்துதான் போயின. கடையை எடுத்தவர்களுக்குக் கடை நடத்தத் தெரியவில்லை, அரிசி விளைகிற நாட்டில் அரிசிக்கு வரிசை வந்தது.


கணக்குப்பிள்ளை:

பர்மாகாலனி சொன்னதன் தொடர்ச்சி. நோட்டு விவகாரத்தை நே வின் ஒருமுறையோடு நிறுத்தவில்லை. 1985இல் பெரிய நோட்டுகளைச் செல்லாது என்று சொல்லிவிட்டு 75 கியாட் நோட்டு விட்டார், அப்புறம் 15, 35 என்றெல்லாம் வந்தன. 1987 செப்டம்பரில் திடீரென்று 25, 35, 75 மூன்றும் செல்லாது, மாற்றிக்கொடுக்கவும் மாட்டோம் என்று அறிவிப்பு. புழக்கத்திலிருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் போச்சு. பிறகு வந்த புதிய நோட்டுகள் 45, 90. ஒன்பதால் வகுபடும் எண் அவருக்கு ராசி என்று நம்பினார். ஒரு மனிதனின் ராசி எண்ணுக்காக ஒரு நாட்டுச் சந்தையே 45, 90ஐ வைத்துச் சில்லறை எண்ண வேண்டியிருந்தது. யாராலும் தட்டிக் கேட்க முடியாத ஆட்சி என்றால் கையில் எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் இந்த நோட்டைத்தான் காட்டுவேன்.

தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் செல்லாமல் போன மாணவர்கள்தான் முதலில் தெருவில் இறங்கினார்கள். அதே டிசம்பரில் ஐநா பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. உலகத்துக்கே அரிசி ஏற்றுமதி செய்த நாடு. அடுத்த ஆண்டு 8-8-88 எழுச்சி, ஆயிரக்கணக்கில் சாவு, செப்டம்பர் 18இல் இன்னொரு ஆட்சிக்கவிழ்ப்பு. ராணுவம் தன் ஆட்சியைத் தானே கவிழ்த்துப் புதுப் பெயரில் உட்கார்ந்தது.

இப்போது நிலவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். என் பார்வையில் மூல காரணம் பணம்தான். 1951இல் சிப்பாய்களுக்கு மலிவு விலையில் சாமான் விற்க ஒரு கேன்டீன் மாதிரி ஆரம்பித்த ராணுவ நிறுவனம் 1960க்குள் வங்கி, கப்பல், ஓட்டல், பேருந்து என்று நாட்டிலேயே பெரிய வியாபாரக் குழுமம் ஆகிவிட்டது. பிறகு அதெல்லாம் சோஷலிசம் என்ற பெயரில் அரசுக்குள் கலந்தது. 1990இல் எம்இஎச்எல், 1997இல் எம்இசி என்று மீண்டும் இரண்டு பெரிய குழுமங்கள். பீர், சிகரெட், ஜேட் பச்சைக்கல் சுரங்கம், வங்கி, செல்போன் கம்பெனி எல்லாம் அதில். படைப்பிரிவுகளுக்கே பங்கு உண்டு, லாபம் அதிகாரிகளுக்கு வரும். வரி கட்டுகிற மக்களிடம் சம்பளத்துக்குக் கை நீட்ட வேண்டிய ராணுவம் என்றால் அந்த மக்களைக் கொஞ்சமாவது மதிக்கும். இவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி, தனிப் பள்ளிக்கூடம், தனிக் குடியிருப்பு, தனி வங்கி. மக்கள் எதற்குத் தேவை?


வல்லைவெளி:

வணக்கம். நான் இலங்கைப் பக்கத்திலிருந்து ஒரு விடயத்தைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் அதே 1962இல் எங்கள் நாட்டிலும் ஒரு சதி முயற்சி நடந்தது. ஜனவரி 27 இரவு, பர்மாவுக்கு ஐந்து கிழமை முன்பு. சிறிமாவோ அரசைக் கவிழ்க்க ராணுவ, பொலிஸ், கடற்படை உயரதிகாரிகள் சிலர் திட்டமிட்டார்கள். ஒரு பொலிஸ் அதிகாரி மனம் மாறி, செய்தி அவருடைய மாமனாரான நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக அரசுக்கு எட்டியது, கடைசி நேரத்தில் எல்லாம் நின்றது. அவர்களைத் தண்டிக்க அரசு பின்னோக்கிச் செல்லும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பதினொரு பேருக்குத் தண்டனை கிடைத்தது, 1965 டிசம்பரில் அன்று எங்கள் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அந்தச் சட்டமே செல்லாது என்று எல்லோரையும் விடுவித்தது.

எங்கே வித்தியாசம்? இலங்கை ராணுவம் அப்போது சிறியது, அணிவகுப்புக்கும் வேலைநிறுத்தக் காலத்தில் துறைமுகத்தைக் காப்பதற்கும் இருந்த ராணுவம். சதி செய்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவ மேட்டுக்குடி, சிங்களவர், தமிழர், பறங்கியர் கலந்தவர்கள், சாதாரண சிப்பாய் அவர்கள் பின்னால் போக மாட்டான். பர்மா ராணுவமோ நாட்டுக்கு முன்பே பிறந்தது. ஜப்பானிடம் பயிற்சி பெற்ற முப்பது தோழர்கள், ஆங் சான், நே வின் எல்லோரும் அதில், 1941 டிசம்பரில் பாங்காக்கில் தொடங்கிய படை அது. நாட்டைப் பெற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள் என்ற எண்ணம் அவர்கள் இரத்தத்தில் இருக்கிறது. அதோடு சுதந்திரம் கிடைத்த அடுத்த ஆண்டே, 1949 தொடக்கத்தில், கரேன் என்ற சிறுபான்மை இனத்தவரின் கிளர்ச்சி வெடித்தது. தளபதியாக இருந்த ஸ்மித் டன் ஒரு கரேன். அவரை நீக்கிவிட்டு நே வின்னை வைத்தார்கள். ஒரு இனத்தின் ராணுவமாக அது மாறிய கதை அங்கே தொடங்குகிறது.

முறியடித்த சதிக்கும் விளைவு உண்டு. 1962க்குப் பிறகு எங்கள் ராணுவ ஆட்சேர்ப்பும் பதவி உயர்வும் சிங்கள பௌத்தப் பக்கம் சாயத் தொடங்கியதை எழுதாதவர்கள் குறைவு. பிறகு அந்த ராணுவம் எங்கள் ஊர்களுக்கு வந்தபோது அதில் எங்களுடைய மொழி தெரிந்தவன் இருக்கவில்லை.


காவிரிக்கரை:

எல்லாம் சரி, ஆனால் மறுபக்கத்தையும் பேச வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள், எல்லையெங்கும் ஆயுதக்குழுக்கள், ஷான் மலையில் ஐம்பதுகளில் மாவோவிடம் தோற்றோடிய கோமிந்தாங் சீனப்படை வேறு புகுந்து உட்கார்ந்தது. 1947 அரசியல் சட்டம் ஷான், கரேன்னி மாநிலங்களுக்குப் பத்து ஆண்டு கழித்துப் பிரிந்துபோகும் உரிமையே கொடுத்திருந்தது. ராணுவம் இல்லாவிட்டால் பர்மா என்ற நாடு இருந்திருக்குமா? நான் ஜெனரல்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஜனநாயகத் தலைவி சூச்சியே 2019 டிசம்பரில் ஹேக் நீதிமன்றத்துக்குப் போய் ராணுவத்துக்காக வாதாடினாரே, ஏழு லட்சத்துக்கும் மேல் ரோஹிங்யா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்கு ஓடியபிறகு. அப்படியென்றால் பர்மியப் பெரும்பான்மை மக்களும் அந்த ராணுவத்தை விரும்பித்தான் வைத்திருந்தார்கள் என்று ஏன் சொல்லக்கூடாது?


மலர்:

காவிரிக்கரை, கடைசிக் கேள்வி நியாயமானது, முதல் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை.

1962 பிப்ரவரி, மார்ச்சில் ரங்கூனில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? ஷான் தலைவர்களும் மற்ற மாநிலத்தவரும் உட்கார்ந்து கூட்டாட்சி பற்றி அரசோடு பேசிக்கொண்டிருந்தார்கள். பிரிந்துபோவதற்கான பேச்சு இல்லை, சேர்ந்து இருப்பதற்கு என்ன நிபந்தனை என்ற பேச்சு. அந்த மாநாடு முடிவதற்குள்தான் நே வின் எல்லாரையும் கைது செய்தார். நாட்டின் முதல் அதிபரான சாவ் ஷ்வே தைக் ஒரு ஷான் இளவரசர். அன்று விடிகாலை அவர் வீட்டில் புகுந்தபோது அவருடைய பதின்வயது மகனைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் அந்த நவம்பரில் காவலிலேயே இறந்தார். அவர் மனைவி பிறகு ஷான் படையைக் கட்டினார். பேசவந்தவர்களைப் பிடித்து உள்ளே போட்டால் மிச்சமிருப்பவர்கள் காட்டுக்குத்தானே போவார்கள். 1962இல் இருந்ததைவிட இன்று ஆயுதக்குழுக்கள் எத்தனையோ மடங்கு. அறுபது ஆண்டு ராணுவம் ஒற்றுமையைக் காத்த லட்சணம் அது.

அறுபதுகளில் அவர்கள் கொண்டுவந்த "நான்கு வெட்டு" முறை: கிளர்ச்சியாளனுக்குப் போகிற சோறு, பணம், தகவல், ஆள் நான்கையும் வெட்டு. நடைமுறையில் என்ன அர்த்தம் என்றால் கிராமத்தைக் கொளுத்து, நெல்லை அழி, ஆட்களைக் கிளப்பி வேறிடத்தில் அடை. கரேன், கச்சின் மலைகளில் ஐம்பது வருடமாக இதைச் செய்தார்கள். 2017இல் மேற்கே ரக்கைன் மாநிலத்தில் ரோஹிங்யாக்களுக்குச் செய்தார்கள். சமவெளியில் இருந்த பர்மியர்களில் பலர் அதை நம்பவில்லை அல்லது நியாயம் என்றே நினைத்தார்கள், சூச்சியும் அப்படித்தான் நடந்துகொண்டார். அது பெரிய குற்றம், நான் அவரை அதற்காக மன்னிக்க மாட்டேன். 2021க்குப் பிறகு அதே முறை சகாயிங்குக்கு வந்தது, பர்மியர்களின் நெஞ்சுப் பகுதி அது, ராணுவத்துக்கே அதிகம் ஆள் கொடுத்த ஊர்கள். 2023 ஏப்ரல் 11இல் பாசிஜி கிராமத்தில் ஓர் அலுவலகத் திறப்புக்குக் கூடியிருந்தவர்கள்மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள், நூற்றைம்பதுக்கும் மேல் செத்தார்கள், அதில் சின்னப் பிள்ளைகள் நிறைய. அதன்பிறகு கரேன் மக்கள் சொன்னதெல்லாம் பொய்யில்லை என்று இளைஞர்கள் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். கவிழ்க்கப்பட்ட எம்பிக்கள் அமைத்த தேசிய ஒற்றுமை அரசு 2021 ஜூனில் ரோஹிங்யாக்களை அந்தப் பெயராலேயே அழைத்து, அவர்களுடைய குடியுரிமை மறுப்புச் சட்டத்தை மாற்றுவோம் என்று அறிவித்தது. முன்பு அந்தப் பெயரைச் சொல்லவே சூச்சி அரசு மறுத்தது.


நிலவன்:

மலர் சொன்னதோடு ஒன்று. மூன்று தேர்தல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1960இல் ராணுவத்துக்குப் பிடித்த அணி தோற்றது, ஊ நூ ஜெயித்தார், இரண்டு வருடத்தில் கவிழ்ப்பு. 1990இல் ராணுவமே நடத்திய தேர்தலில் அதன் ஆதரவுக் கட்சிக்குப் பத்தே இடம், என்எல்டிக்கு 392, முடிவையே ஒப்புக்கொள்ளவில்லை. 2020இல் 33. ஒவ்வொரு முறையும் மக்கள் நன்றியோடு வாக்களிப்பார்கள் என்று உண்மையாகவே நம்பித்தான் தேர்தலைச் சந்தித்திருக்கிறார்கள். சுற்றி இருக்கிறவன் எல்லாம் கீழ்ப்படிகிறவன், வெளியே என்ன பேசுகிறார்கள் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. 2005இல் தலைநகரையே ரங்கூனிலிருந்து தூக்கிக்கொண்டு போய்ப் பொட்டலில் வைத்தபிறகு கேட்கவே வேண்டாம்.


பர்மாகாலனி:

மக்கள் என்ன பேசினார்கள் என்பதை 2021 பிப்ரவரியிலேயே சத்தமாகச் சொன்னார்கள். தினம் இரவு எட்டு மணிக்குப் பாத்திரம், சட்டி, தகரம் எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு பால்கனியில் நின்று தட்டினார்கள். பேய் பிசாசை வீட்டைவிட்டு விரட்ட அப்படித் தட்டுவது அங்கே பழைய வழக்கம். அடுத்தது ஆஸ்பத்திரிகள். கொரோனா நேரத்தில் அரசு மருத்துவர்களும் செவிலியரும் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு, ராணுவத்துக்குக் கீழே வேலை செய்ய மாட்டோம் என்று வெளியே வந்தார்கள். வேலையை விட்டுவிட்டுத் தர்ம ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் பார்த்தார்கள். அவர்கள் பின்னால் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ரயில்வேக்காரர்கள். ரயில்வேக்காரர்களைக் குடும்பத்தோடு குவார்ட்டர்ஸைவிட்டுத் துரத்தினார்கள், பாயும் பானையும் தலையில் வைத்துக்கொண்டு குழந்தைகளோடு நடந்த படங்களைப் பார்த்தபோது எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

மார்ச் 27, ராணுவ தினம். நேபிடாவில் அணிவகுப்பும் விருந்தும், மற்ற ஊர்களில் அன்று ஒரே நாளில் நூற்றுக்கும் மேல் சாவு. அதுவரை தெருவில் எதிர்ப்புச் சைகையாக மூன்று விரல் காட்டிய பையன்கள் அதன்பிறகுதான் கரேன், கச்சின் காடுகளுக்குத் துப்பாக்கி பழகப் போனார்கள்.

தமிழர்களுக்கும் இதில் அடி விழுந்தது. மணிப்பூர் எல்லையில் மோரே என்று ஒரு ஊர், அறுபதுகளில் திரும்பவும் பர்மாவுக்கே நடந்துபோய்விடலாம் என்று கிளம்பி எல்லையில் தடுக்கப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. அங்காள பரமேசுவரி கோயில்கூட இருக்கிறது. 2022 ஜூலையில் அந்த ஊர்த் தமிழ் இளைஞர்கள் இரண்டு பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் தமு நகருக்குப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவருக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.


கணக்குப்பிள்ளை:

விளைவுகளைப் பற்றி யாராவது கேட்பதற்குள் எழுதிவிடுகிறேன். கவிழ்ப்புக்கு முன் ஒரு டாலர் சுமார் 1,330 கியாட். அரசு 2,100 என்று அதிகாரபூர்வ விலை வைத்தது, வெளிச்சந்தையில் 2024இல் 4,000ஐத் தாண்டிவிட்டது. சமையல் எண்ணெய் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை: ஆண்கள் 18 முதல் 35, பெண்கள் 18 முதல் 27. அறிவித்த மறுவாரமே தாய்லாந்து விசாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் கூட்டம் அலைமோதியது, மண்டலே பாஸ்போர்ட் அலுவலகத்தில் நெரிசலில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். படித்த பிள்ளைகள் போய்விட்டார்கள். மூன்று மில்லியனுக்கு மேல், அதாவது முப்பது லட்சத்துக்கும் அதிகமானோர் நாட்டுக்குள்ளேயே வீடிழந்து அலைகிறார்கள். 2023இல் ஆப்கானிஸ்தானையும் தாண்டி அபின் உற்பத்தியில் உலகிலேயே முதலிடம்.

தாய்லாந்து எல்லை ஊரான மியாவாடி பக்கத்து ஆன்லைன் மோசடிக் கூடங்களையும் மறக்கக்கூடாது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய் ஆற்றைக் கடக்க வைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, போலிக் கணக்கில் ஆட்களை ஏமாற்றச் சொல்லி அடிப்பது. அந்த இடங்களைப் பாதுகாத்தது ராணுவத்தோடு சேர்ந்து எல்லைக் காவல் படையாக இருந்த ஆயுதக்குழு. 2022 செப்டம்பரில் அங்கே சுமார் 300 இந்தியர்கள், அவர்களில் ஐம்பது பேர் தமிழர்கள், சிக்கியிருப்பதாக முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டமில்லாத நாடு பக்கத்தில் இருந்தால் நம் வீட்டுப் பையனுக்கும் ஆபத்துதான்.


காவிரிக்கரை:

சரி, ஒரு கேள்வி. இந்தியாவும் பர்மாவும் ஒரே வெள்ளைக்காரன்கீழ் இருந்தவை, 1937வரை ஒரே நிர்வாகம். இங்கே மட்டும் ஏன் ராணுவம் வரவில்லை?


நிலவன்:

அதிர்ஷ்டமும் உண்டு, முன்யோசனையும் உண்டு. தலைமைத் தளபதியின் பிரம்மாண்டமான மாளிகை தீன் மூர்த்தி பவன், அதில் நேரு பிரதமராகக் குடியேறினார். 1955இல் தலைமைத் தளபதி என்ற பதவியையே எடுத்துவிட்டு, முப்படைக்கும் தனித்தனியாக மூன்று சமமான தலைவர்களை வைத்தார்கள். மாநிலப் போலீசும் துணை ராணுவப் படைகளும் ராணுவத்தின் கையில் இல்லை. காங்கிரஸ் கட்சிக்குக் கிராமம்வரை வேர் இருந்தது. பர்மாவில் ஆங் சான் 1947 ஜூலை 19இல் அமைச்சரவைக் கூட்டத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார், 32 வயது. கட்சி சிதறியது, ராணுவம் மட்டும் சிதறாமல் நின்றது. கணக்குப்பிள்ளை சொன்ன வியாபாரம் இங்கே ராணுவத்துக்கு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வடகிழக்கிலும் காஷ்மீரிலும் சிறப்பு அதிகாரச் சட்டத்தின்கீழ் ராணுவம் நடந்துகொண்டதைப் பார்த்தவர்களிடம் போய் நம் ராணுவம் எல்லா இடத்திலும் அரசுக்குக் கட்டுப்பட்டது என்று பெருமை பேச என்னால் முடியாது.


வல்லைவெளி:

2023 அக்டோபர் 27இல் மூன்று இனப்படைகள் சேர்ந்து தாக்கியபோது ராணுவம் விழுந்துவிடும் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். 2024இல் வடக்கு ஷான் பகுதி லாஷியோவில் ராணுவத்தின் ஒரு பிராந்தியத் தலைமையகமே விழுந்தது, டிசம்பரில் ரக்கைனில் இன்னொன்று. பிறகு ஏன் விழவில்லை? 2025 கடைசியில் தேர்தலும் வைத்தார்களே, அதில் ஏதும் மாறுமா?


நிலவன்:

விழாததற்கு முதல் காரணம் சீனா. எல்லை வணிகத்தை மூடி, மின்சாரத்தைத் துண்டித்து, அந்தப் படைகளை நெருக்கியது. 2025 ஏப்ரலில் லாஷியோவை ராணுவத்திடமே திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். ரஷ்யா விமானம் கொடுத்தது. கட்டாயச் சேவையில் பிடித்த பிள்ளைகள் முன்வரிசைக்கு ஆள் ஆனார்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலே, சகாயிங் இடிந்து கிடந்தபோதுகூட விமானக் குண்டுவீச்சு நிற்கவில்லை.

தேர்தலைப் பற்றி என் எதிர்பார்ப்பு பூஜ்யம். என்எல்டியை 2023இலேயே கலைத்துவிட்டார்கள். சூச்சிக்கு 33 ஆண்டு என்று கூட்டிக் கூட்டித் தண்டனை போட்டு, பிறகு 27 ஆக்கினார்கள். 2025 டிசம்பர் 28இல் முதல் கட்டம் தொடங்கியது, நாட்டின் பல பகுதிகளில் வாக்குச்சாவடியே வைக்க முடியாத நிலையில். ஜெயிப்பது யாராக இருந்தாலும் அந்த 166 நாற்காலிகள் அப்படியே இருக்கின்றன, 2008 புத்தகத்தில் ஒரு வரியும் மாறவில்லை, எம்இஎச்எல் கணக்கை யாரும் தணிக்கை செய்யப்போவதில்லை. இனப்படைகளும் ஒற்றுமை அரசும் உட்கார்ந்து, போருக்குப் பிறகு ராணுவம் யாருடையது, யாருக்குக் கணக்குக் காட்டும், ஷான்காரனும் ரோஹிங்யாவும் அதில் அதிகாரியாக முடியுமா என்பதை எழுத்தில் முடிவு செய்வதுதான் வேலை. 1962 மார்ச்சில் பாதியில் நின்ற பேச்சு அது.

வல்லைவெளி, உங்கள் நாட்டு 1962 வழக்கைப் பற்றித் தனி இழை ஒன்று தொடங்க முடியுமா? பின்னோக்கிச் செல்லும் சட்டம் பற்றிய பகுதியை விரிவாகப் படிக்க ஆசை.